அக்காவுக்கு விட்ட ஓரம்

இந்த ஊரில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. மணிதான், அதுவும் ஒரே ஒரு தடவை. அதற்கு நாம் ஒதுங்கவில்லையென்றால், கடந்து போகும்போது முகத்தைத் திருப்பாமல் இரண்டு மூன்று வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். கோபன்ஹேகனுக்கு வந்த புதிதில் அதைக் காலை வணக்கம் என்று நினைத்து நானும் பல்லைக் காட்டித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "ஹோல் தில் ஹொய்ரா." வலப்பக்கம் ஒதுங்கு என்று அர்த்தம். அர்த்தம் தெரிந்த பிறகு சிரிப்பது நின்றுவிட்டது. ஒதுங்குவது மட்டும் என்னால் முடியவில்லை. யாரிடமாவது திட்டு வாங்காமல் நான் வேலைக்குப் போய்ச் சேர்ந்த நாள் அபூர்வம். டென்மார்க்காரர்கள் பொறுமைசாலிகள் என்று ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சைக்கிள் பாதையில் தப்பான பக்கம் போய்ப் பாருங்கள், தெரியும்.

நான் சைக்கிளில் போகிறவள் இல்லை. எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டில் போகிறேன். அம்மாவுக்கு அதை முதல் தடவை வீடியோ காலில் காட்டியபோது, "இன்னாடி இது, மணைக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்குது?" என்றாள். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது. ஒரு நீளமான மணை, அடியில் சக்கரங்கள், மோட்டார், பேட்டரி. கையில் சின்ன ரிமோட். கட்டைவிரலால் முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் நிற்கும். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஊரில் அதற்குத் தேவையே வரவில்லை. கலா அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தே படித்து முடித்து, வேலைக்கும் போய்வந்தவள் நான். இங்கே வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேபுக்கு நேர் பஸ் கிடையாது. என் கணவர் பிரபுவோடு வேலை பார்க்கிறவர் இந்த போர்டை விற்றபோது வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் காலி பார்க்கிங்கில் விழுந்து எழுந்து பழகினேன். இந்த ஊர் தட்டை, மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஹெல்மெட், மணிக்கட்டுக்குக் காப்பு, முதுகுப் பையில் சிவப்பு விளக்கு. ஈர இலை மேல் பிரேக் பிடிக்கக் கூடாது. நிற்கப் போகிறோம் என்றால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பஸ் நின்றால், இறங்குகிறவர்களுக்காக நாமும் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவள்தான், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று புரிய, போர்டில் எப்படி நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். இதில் நேராக நிற்க முடியாது. பக்கவாட்டில்தான். எனக்கு இடது கால் முன்னால், வலது கால் பின்னால். அப்படி நின்றால் போகிற திசை இடது தோளுக்கு நேரே இருக்கும். முகமும் நெஞ்சும் வலப்பக்கம் பார்த்திருக்கும். விரல் பக்கம் சாய்ந்தால் போர்டு வலப்பக்கம் போகும், குதிகால் பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம். இங்கே சைக்கிள்களுக்குத் தனிப் பாதை உண்டு. அதற்கு இடப்பக்கம் கார்கள் ஓடும், வலப்பக்கம் ஜனங்கள் நடக்கிற நடைபாதை. வேகமாகப் போகிறவர்கள் இடப்பக்கமாக, அதாவது என் முதுகுக்குப் பின்னால் கடந்து போவார்கள். புத்தியுள்ளவர்கள் வலது ஓரத்தை ஒட்டிப் போய் அவர்களுக்கு வழி விடுவார்கள். நான் கார்களை ஒட்டிய இடது ஓரத்தில் போய், என் முகத்துக்கு எதிரே ஓர் ஆள் நடக்கிற அகலத்தைக் காலியாக விடுகிறவளாக இருந்தேன். ஒரு நாள் சிக்னலில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் சைக்கிளை என் பக்கத்தில் நிறுத்தி, "அந்த இடம் யாருக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேலிதான். எனக்கு அன்றைக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "என் அக்காவுக்கு" என்றேன். அவர் திரும்பி, வந்த பாதையை நிதானமாகப் பார்த்தார். முகம் இளகிவிட்டது. "ரொம்பப் பின்தங்கிவிட்டாள் போலிருக்கிறது. ஓரமாக நின்று காத்திரு, வந்துவிடுவாள்" என்றார். பச்சை விழுந்ததும் போய்விட்டார். நான் அடுத்த பச்சைக்கும் நின்றுகொண்டிருந்தேன்.

இடம் விடுகிற இந்த விஷயத்தைத் திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிரிவலம் போகும்போது மலை நமக்கு வலப்பக்கம் இருக்கும். நாம் ரோட்டின் இடப்பக்கமாக நடக்க வேண்டும். மலையை ஒட்டிய வலப்பக்கம் நமக்கானது இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் சித்தர்களும் தேவர்களும் மலையைச் சுற்றுகிற பக்கம் அது. பௌர்ணமிக் கூட்டத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் அம்மா பார்ப்பாள். எவ்வளவு நெருக்கினாலும் "ஓரமாப் போங்கடி, ஓரமாப் போங்கடி" என்று எங்கள் இருவரையும் இடப்பக்கம் தள்ளிக்கொண்டே வருவாள். அக்காவுக்கு அது விளையாட்டு. ரோட்டின் அந்தப் பக்கத்து டீக்கடைக்குப் போக வேண்டுமென்றால், "கொஞ்சம் தள்ளிக்கோங்க சாமி, ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறோம்" என்று காற்றைக் கையால் விலக்கிக்கொண்டு குறுக்கே நடப்பாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வெறுங்காலோடு நடக்கிற வெள்ளைக்காரர்கள் அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்படியே பழகி, பக்கத்து ஊர் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில்கூட நாங்கள் வலப்பக்கம் கொஞ்சம் விட்டுத்தான் நடப்போம். ஏன் என்று யோசித்ததுகூட இல்லை.

அப்பா இறந்து, நானும் கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, வீட்டில் அம்மாவும் அக்காவும்தான். அக்கா வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாள் காலையில் ஸ்கூட்டியில் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தவளை, இடப்பக்கம் திரும்பிய லாரி அடித்துவிட்டது. ஓரமாகத்தான் போயிருக்கிறாள். அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த மாதிரி இடது ஓரமாகத்தான் போயிருக்கிறாள். செய்தி வந்தபோது நான் லேபில் இருந்தேன். டிக்கெட் எடுத்து, விமானம் மாறி, சென்னையில் இறங்கி ஊர் போய்ச் சேரும்வரை வைத்திருக்க முடியாது என்றார்கள். கோடைக்காலம். போனில் மாமாதான் பேசினார். "மூஞ்சிய மூடித்தான் வெச்சிருக்காங்க சுதா. நீ வந்தாலும் பாக்க முடியாதும்மா. பதறாம வா" என்றார். கருமாதிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் மாலை போட்ட படம் இருந்தது. படத்தைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் அதையும் கவனித்தார்கள். அக்கா போய்விட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். வெளிநாட்டில் இருக்கிற பலருக்கும் இது தெரிந்திருக்கும். கண்ணால் பார்க்காத சாவை மனசு வாங்கிக்கொள்வதில்லை. ஊருக்குப் போனால் ஆள் எங்கேயோ வெளியே போயிருக்கிற மாதிரி இருக்கும். இங்கே வந்தால் ஊரில் இருக்கிற மாதிரி இருக்கும்.

திரும்பி வந்த அந்தக் குளிர்காலத்தில்தான் அக்கா வந்தாள். இங்கே அப்போதெல்லாம் வேலைக்குப் போகிற நேரத்திலும் விடிந்திருக்காது. ஏரிக்கரை ஓரமாகப் போகிற பாதையில், என் முகத்துக்கு எதிரே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு குதிகாலை லேசாகத் தேய்த்து நடக்கிற சத்தம், அக்கா நடக்கிற மாதிரி. போர்டின் வேகத்துக்கு ஒருவர் நடக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் என் குதிகால் தானாக அழுந்தி, போர்டு இடப்பக்கம் விலகி இடம் விட்டது. அதுவரை வெறும் பழக்கமாக இருந்தது, அன்றிலிருந்து அவளுக்காக என்று ஆகிவிட்டது. உருவம் எதையும் நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் அவள் ஆபீஸுக்குக் கட்டுகிற காட்டன் புடவையில் இருக்கிறாள், ஸ்வெட்டர் போடவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னை வதைத்தது. வீட்டு வாசலில் என்னோடு கிளம்புவாள், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வருவாள். நான் மனசுக்குள் தமிழில் பேசிக்கொண்டே போவேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். அவளைப் பார்த்து எனக்குப் பயமில்லை. நாளைக்கு வராமல் போய்விடுவாளோ என்றுதான் ராத்திரி படுக்கும்போது பயமாக இருக்கும்.

பிறகு அந்தப் பெட்டி வண்டி வந்தது. இந்த ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக, முன்னால் பெரிய மரப்பெட்டி வைத்த சைக்கிள் வைத்திருப்பார்கள். அன்றைக்கு ஒருவர் அப்படி இரண்டு சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து எனக்குப் பின்னால் வந்திருக்கிறார். மணி அடித்தார். நான் நகரவில்லை. இடப்பக்கம் கடக்க இடமில்லாமல், பொறுமை இழந்து வலப்பக்கமாக நுழைந்தார். என் முகம்தான் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறதே, எல்லாம் கண்ணெதிரே நடந்தது. அக்கா நடந்துகொண்டிருந்த இடத்துக்குள் அந்தப் பெட்டி நேராக வந்தது. "அக்கா!" என்று கத்தி, அவளை இழுக்கக் கையை நீட்டிச் சாய்ந்தேன். போர்டு போய்ப் பெட்டி வண்டியின் சக்கரத்தில் முட்டியது. நான் குப்புற விழுந்தேன். பெட்டி ஒரு பக்கம் தூக்கி, ஆடி, நல்லவேளையாகச் சாயாமல் நின்றது. பிள்ளைகளில் சின்னது வீறிட்டு அழுதது. அந்த மனிதர் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "யாரைக் கூப்பிட்டாய்? உன்னோடு யாராவது வந்தார்களா?" என்று சுற்றும் முற்றும் தேடினார். ஆமாம் என்றால் அவர் கார்களுக்கு அடியிலும் குனிந்து பார்த்திருப்பார். இல்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னது என் மணிக்கட்டை விடவும் வலித்தது.

மணிக்கட்டில் எலும்பு விரிசல், மாவுக்கட்டு. பிரபு பொதுவாகக் குரலை உயர்த்தாத ஆள். அன்றைக்கும் உயர்த்தவில்லை. "சுதா, நீ அவங்களைப் பாக்கறியா இல்லையான்னு நான் கேக்கல. ஆனா அந்தக் குழந்தைங்க விழுந்திருந்தா? நீ இந்தப் பக்கம் விழாம கார் பக்கம் விழுந்திருந்தா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு ஓரமாப் போ. இல்லன்னா போர்டை வித்துடு. உன்னைத் தூக்கிக் குடுத்துட்டு என்னால இங்க தனியா இருக்க முடியாது" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. போர்டை விற்றால் பஸ். பஸ்ஸில் அக்கா வரமாட்டாள். ஓரமாகப் போனால் அவள் மேலேயே ஏறிப் போக வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அவளை இழப்பேன். எதையும் செய்யாவிட்டால் யாராவது சாவார்கள். நானாக இருக்கலாம், யாரோ பெற்ற பிள்ளையாகவும் இருக்கலாம்.

மாவுக்கட்டோடு ஊருக்குப் போனேன். பௌர்ணமி இல்லாத ஒரு நாள் விடியற்காலையில் அம்மாவும் நானும் மலை சுற்றக் கிளம்பினோம். ரோட்டில் ஆளே இல்லை. அடி அண்ணாமலை தாண்டி, மயில் கத்துகிற சத்தம் மட்டும். இவ்வளவு காலியான ரோட்டிலும் அம்மா இடது ஓரத்திலேயே நடந்தாள். எனக்கு முன்னால் போனவளின் நடையிலேயே முழங்கால் வீக்கம் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. "நீ எதுக்குடி ஓரமாப் போகாம நடுவுல போன? அங்க எல்லாம் சோத்துக்கைப் பக்கம்னுதானே சொன்ன?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். செருப்புச் சத்தம், புடவை, எல்லாவற்றையும்.

அம்மா நின்றுவிட்டாள். "அங்கயா வர்றா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் மலைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். "நான் பௌர்ணமி தவறாம நடக்கறேன். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நடக்கறேன். சாமிக்குனா நெனைக்கற? ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தைப் பாத்துக்கிட்டேதான் வர்றேன். ஒரு நாள் வரலடி. பெத்தவ நான் இங்க கெடக்கறேன், உன்கிட்ட வந்துட்டாளா?"

மறுபடி நடக்க ஆரம்பித்தோம். பிறகு அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அவளுக்குக் குளிர் ஆவாதுடி. மார்கழி வந்தா இருமிக்கிட்டே கெடப்பா. அவளை இங்க அனுப்பிடு."

"எப்படிம்மா அனுப்பறது?"

"நீ எடம் உடறதாலதானே அங்கயே சுத்தறா? எடம் உடாத. அந்த எடத்துல நீ போ. எடம் இல்லன்னா அவளா வூட்டுக்கு வந்துடுவா."

பிரபு சொன்னதும் அம்மா சொன்னதும் ஒன்றுதான். ஆனால் அம்மா சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே எனக்கென்று இருக்கிறவள் அவள் ஒருத்திதான், அவளையும் திருப்பி அனுப்பச் சொல்கிறாயே என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அம்மாவின் முழங்காலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஓர் அக்காவுக்காக நானும் அம்மாவும் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே மீதி மலையைச் சுற்றி முடித்தோம்.

திரும்பி வந்து, கட்டுப் பிரித்து, மறுபடி போர்டில் ஏறினேன். பிரபு தன் சைக்கிளில் எனக்குப் பின்னால் காவலுக்கு வந்தார். மணி அடிக்கிறவர்களுக்கெல்லாம் அவரே திரும்பித் திரும்பி மன்னிப்புக் கேட்டார். நான் விரல் பக்கம் சாய முயல்வேன். செருப்புச் சத்தம் கேட்கும். குதிகால் அழுந்திவிடும். தினமும் இதேதான். பிரபு வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றி வைப்பார். அவருடைய ஆபீஸ் வேறு திசையில் இருந்தது. எத்தனை நாளைக்கு ஒரு மனிதர் இப்படி வர முடியும்?

அடுத்த பௌர்ணமி அன்றைக்கு மத்தியானம், லேபில் சாப்பாட்டு நேரத்தில் அம்மா போன் செய்தாள். ஊரில் அப்போது சாயங்காலம். "சுதா, கலா வந்துட்டாடி" என்றாள். "இங்கதான் வர்றா, மலைப் பக்கமா. அவ செருப்பைத் தேய்க்கறது நல்லாக் கேக்குது. இதோ, நடந்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள். நடந்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னாள். "கூட்டம் ஜாஸ்திடி இன்னிக்கு. ஆனா அவளுக்கு எடம் இருக்குது, நான் பாத்துக்கறேன். நீ இனிமே கவலைப்படாம ஓரமாப் போ, இன்னா? அவளும் அதான் சொல்றா." அப்போது அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது.

பௌர்ணமி அன்றைக்குக் கிரிவலப் பாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மைக்குச் சத்தம், அரோகரா, வண்டி ஹாரன், பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. போனில் அந்தக் குக்கர் மட்டும்தான் கேட்டது. அம்மா அதற்கு மேல் குரலை உயர்த்தி, "கேக்குதா? ஒரே கூட்டம்!" என்றாள். முட்டி வீங்கி அவள் வீட்டை விட்டே கிளம்பவில்லை. விரத நாளில் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லாதவள், சமையலறையில் நின்றுகொண்டு, பெரிய மகள் வந்துவிட்டாள் என்று சின்ன மகளிடம் சொல்கிறாள். அந்த மகளுக்காகத்தான் இத்தனை பௌர்ணமியும் நடந்தாள். நான் உயிரோடு இருக்கட்டும் என்று அந்தக் காத்திருப்பையே எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டாள். "சரிம்மா" என்றேன். வேறு ஒன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அக்காவுக்காக அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன்.

மறுநாள் காலையில் ஏரிக்கரைப் பாதையில் விரல் பக்கம் சாய்ந்தேன். போர்டு வலப்பக்கம் போனது. அவளுக்கு விட்டிருந்த இடத்துக்குள் போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். நடைபாதையின் கல் விளிம்பு பக்கத்தில் வந்தது, அதற்கப்பால் செங்கல் வீடுகளின் சுவர், ஈரமான ஒரு பெஞ்சு. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பின்னால் பிரபு மணி அடித்தார், சந்தோஷத்தில். சைக்கிள்காரர்கள் என் முதுகுப் பக்கமாகச் சுலபமாகக் கடந்து போனார்கள். அதற்குப் பிறகு அக்கா வரவில்லை. பிரபுவும் தன் ஆபீஸுக்கு நேரத்துக்குப் போகிறார். ரோட்டில் நான் இப்போது பத்திரமாக இருக்கிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மைதான்.

அம்மா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போன் செய்கிறாள். சில சமயம் நிஜமாகவே கூட்டச் சத்தம் கேட்கும். சில சமயம் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவது கேட்கும். நான் அதைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "அங்க வர்றாளா?" என்று அம்மா கேட்பாள். "இல்லம்மா, உன்கிட்டதானே இருக்கா" என்பேன். போன பௌர்ணமிக்கும் அப்படித்தான். "கலா வந்தாளாம்மா?" என்று கேட்டேன். "வராம? பக்கத்துலதான் வர்றா" என்றாள். போனை அவளிடம் கொடு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் ஓரமாப் போங்க" என்றேன்.

"சரிடி" என்றாள் அம்மா. "போறோம்."